ஆறாம் நம்பர் டப்பா

லூர்துராஜ் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. அரசாங்கத்துக்கு அது தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தல்லாகுளத்தில் ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். முப்பத்தோரு வருடம் அங்கே உட்கார்ந்து எழுந்ததில் ஊருக்கு என்ன நன்மை என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. வண்டியூரில் அவர் கட்டிய வீட்டில் உப்பு ஜாடிக்கும் நம்பர் உண்டு. சாவிக்கொத்தை எடுத்தால் எடுத்த நேரம் எழுத வேண்டும், வைத்தால் வைத்த நேரம் எழுத வேண்டும்.

மருந்து விஷயத்தில் மனுஷன் எல்லையைத் தாண்டிவிட்டார். கடையில் வாங்கிய மாத்திரைகளை அட்டையோடு வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காது. பாதி பிய்த்த அட்டை பார்க்க அசிங்கமாம். எல்லாவற்றையும் உதிர்த்து ஆறு பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, மூடியின் மேல் நம்பரை மட்டும் ஒட்டுவார். எந்த நம்பரில் எந்த மாத்திரை என்பது நீல அட்டை போட்ட பதிவேட்டில் இருக்கும். டப்பா மேலேயே பெயரை எழுதினால் என்ன என்று அவர் மனைவி பாக்கியம் டீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டார்.

"பேரு எழுதி வெச்சா கண்டவனும் எடுப்பான். நம்பரு இருந்தாத்தான் என்னையக் கேட்டு எடுப்பான்" என்றார் லூர்துராஜ்.

வீட்டில் இருப்பது அவரும் டீச்சரும் ஒரு நாயும்தான். கண்டவன் யார் என்று டீச்சர் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லை.

நாயின் பெயர் பவுன். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, சத்துணவுக் கொட்டகைப் பக்கம் திரிந்த குட்டி அது. ரிட்டையர் ஆன அன்று சந்தன மாலையோடு டீச்சர் ஆட்டோவில் ஏறியபோது கூடவே தாவி ஏறிக்கொண்டது. மகள் ஜெனி கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் பண்ணுவாள். மற்ற ஆறு நாளும் டீச்சர் பேசுவது பவுனிடம்தான். புருஷனிடம் பேசினால் பதில் வராது, திருத்தம் வரும். அதனால் அரிசி புடைக்கும்போது, துணி காயப்போடும்போது, ஜெபமாலை முடித்துக் காலை நீட்டும்போது எல்லாம் பவுனிடம்தான் பேச்சு. அது காதைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கும். அந்த வீட்டில் டீச்சர் சொன்னதைக் கேட்ட ஒரே உயிர் அது.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை லூர்துராஜ் மருந்து டப்பாக்களைப் பார்வையிட்டார். நாலாம் நம்பரில் நாயின் பூச்சி மாத்திரை இருந்தது. ஆறாம் நம்பரில் டீச்சரின் சர்க்கரை மாத்திரை. மனுஷ மாத்திரைக்கு முன்னால் நாய் மாத்திரை வரிசையில் நிற்பது முறையில்லை என்று அவருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. உடனே ஒரு உத்தரவு எழுதினார். நான்கும் ஆறும் இடம் மாற வேண்டியது, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும், கையொப்பம், நாள். எதுவாக இருந்தாலும் மாதப் பிறப்பிலிருந்துதான் அமலாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதுவரை பழைய பதிவேடுதான் செல்லும். ஆனால் கோந்து பாட்டிலைத் திறந்துவிட்டார், அது காய்ந்துவிடும். அதனால் மூடியில் இருந்த நம்பர்களை மட்டும் அன்றைக்கே மாற்றி ஒட்டிவிட்டார்.

ஆக, டப்பா மாறிவிட்டது, பதிவேடு மாறவில்லை. இந்தக் கோளாறைச் செய்ய ஒருவன் முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் பழகியிருக்க வேண்டும். படிக்காதவனுக்கு இது கைகூடாது.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் கையில் மாத்திரையை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க, இது பெருசா இருக்கு. என்னோடது சின்னதால்ல இருக்கும்?"

"கம்பெனி மாத்தியிருப்பான். முழுங்கு."

"வாடையும் ஒரு மாதிரி இருக்குங்க."

"மருந்து மல்லியப்பூவாட்டமா மணக்கும்? பதிவேட்டுல ஆறுன்னு இருக்கு, ஆறுலருந்துதான் எடுத்தேன். முழுங்குன்னா முழுங்கு."

டீச்சர் முழுங்கினார். புதனும் முழுங்கினார், வியாழனும் முழுங்கினார். நாக்கு வறண்டது. ராத்திரிக்கு நாலு தடவை எழுந்தார். "வெயிலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒளிச்சு வெச்சு இனிப்புத் திங்கிறியா?" என்று லூர்துராஜ் அடுக்களை அலமாரியைச் சோதனை போட்டார். தவக்காலத்தில் அந்த அம்மா சீனி போட்ட காபிகூடக் குடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சோதனை போட்டார்.

சனிக்கிழமை, குருத்து ஞாயிறுக்கு முதல் நாள். பவுனுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் என்று பதிவேட்டில் இருந்தது. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்று அவராகவே ஒரு விதி வைத்திருந்தார், அதனால் வெள்ளி ராத்திரி நாய்க்குச் சோறு கிடையாது. ஏற்கெனவே தவக்காலம் என்று நாயின் கறி எலும்பையும் நிறுத்தி வைத்திருந்த மகாபுருஷர் அவர். காலை ஆறு மணிக்கு நாலாம் நம்பர் டப்பாவைத் திறந்து, இரண்டு மாத்திரையை எடுத்து, துளி வெண்ணெயில் உருட்டி நாயின் தொண்டைக்குள் தள்ளினார். பதிவேட்டில் நேரம் எழுதினார். டீச்சருக்கு ஆறாம் நம்பரிலிருந்து ஒன்று கொடுத்தார். அதற்கும் நேரம் எழுதினார்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அறைந்தது. ரிங் ரோட்டுப் பக்கமிருந்து புழுதிக்காற்று. டீச்சர் கொல்லையில் வெங்காய வடகம் கிள்ளிப் போட்டு வேட்டியில் காயவைத்துக்கொண்டிருந்தார். காக்காய் வந்தால் விரட்டுவது பவுனின் வேலை. அன்றைக்கு ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து வடகத்தைக் கொத்தியது. பவுன் எழுந்தது, பின்னங்கால் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி பின்னிக்கொண்டன, அப்படியே சரிந்தது. வாயில் நுரை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"மாதாவே! ஏங்க, இங்க வாங்க, பவுனப் பாருங்க!"

அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துப் பொட்டலில் ஆடு கட்டிக்கொண்டிருந்த பாண்டிச்செல்விதான் முதலில் வந்தாள். எட்டு ஆடும் ஒரு மாடும் வைத்திருப்பவள். லூர்துராஜின் வீடு நிற்கிற இடம் வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நாற்று நட்டது அவள் அம்மா. இதை அவள் ஒருமுறை சொல்லப்போக, அன்றிலிருந்து லூர்துராஜ் அவளைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

"என்னா டீச்சர், என்னத்தத் தின்னுச்சு?"

"ஒண்ணும் திங்கல செல்வி. ராத்திரிலருந்து பட்டினி. காலைல சார் பூச்சி மாத்திர குடுத்தாக, அம்புட்டுத்தான்."

பாண்டிச்செல்வி குத்துக்காலிட்டு நாயின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"பூச்சி மாத்திரைக்கு இப்படி விழுகாது டீச்சர். நானும் வருசம் பூரா ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊத்துறேன். கழியும், கெறங்கிப் படுக்கும். இப்படி வெட்டி இழுக்காது. இது வேற என்னமோ."

லூர்துராஜ் அப்போதுதான் மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றார்.

"பூச்சி சாகுறப்ப அப்படித்தான் இருக்கும். உள்ள கெடந்து துடிக்கிதுல்ல. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்."

"சார், துடிக்கிறது பூச்சி இல்ல, நாயி" என்றாள் பாண்டிச்செல்வி. "என்னா மாத்திர குடுத்தீக? அட்டையக் காட்டுங்க."

"அட்ட கெடையாது. நாலாம் நம்பர்."

"நாலாம் நம்பர்னா?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது. ஆடு மேய்க்கிறவளுக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஆடு எதுனால சாகும்னு தெரியும் சார்" என்றாள் அவள். அதற்குமேல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. வாசலுக்குப் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏய்யா, குட்டியானைய எடு! வெரசா வா!"

அவள் புருஷன் தவசி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அன்றைக்குப் பார்த்துத் தென்னங்குருத்து ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குருத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கோணிச்சாக்கு விரித்து நாயைத் தூக்கிப் போட்டார்கள். டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஏறி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். போவதற்கு முன்னால் உள்ளே ஓடிப்போய், நாலாம் நம்பர் டப்பாவை எடுத்து இடுப்பில் செருகியிருந்தார். வாழ்க்கைப்பட்ட முப்பத்தாறு வருடத்தில் அனுமதி இல்லாமல் அவர் எடுத்த முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

லூர்துராஜோ பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவு அவசரத்திலும் சட்டையை மாற்றிப் பேனா செருகியிருந்தார் அந்த ஆள்.

அண்ணா நகர் வழியாகப் போனார்கள். சனிக்கிழமைக் கூட்டம். சிக்னலுக்குச் சிக்னல் நின்றது வண்டி. பின்னால் டீச்சர் நாயின் காதுக்குள் குனிந்து என்னவோ பேசிக்கொண்டே வந்தார். பாண்டிச்செல்வி தன் முந்தானையை நனைத்து நாயின் வாயைத் துடைத்தாள். டீச்சர் ஒரு பாட்டில் தண்ணீரை வழியிலேயே குடித்து முடித்துவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

"என்னா டீச்சர், இம்புட்டுத் தண்ணி குடிக்கிறீக?"

"என்னமோ தெரியல செல்வி, நாலஞ்சு நாளா இப்படித்தான் இருக்கு."

தல்லாகுளத்தில் நாய் பார்க்கும் டாக்டர் தமிழ்வாணி, சின்ன வயசுப் பெண். நாயைப் பார்த்ததும் மேஜைமேல் போடச் சொன்னாள்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

லூர்துராஜ் முன்னால் வந்து பதிவேட்டை விரித்தார். "குடற்புழு நீக்க மாத்திரை, இரண்டு. காலை ஆறு மணி ஐந்து நிமிடம். பாருங்க, பதிவாயிருக்கு."

டாக்டர் அதைப் பார்க்கவில்லை. நாயின் காதோரம் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மிஷினில் வைத்தாள். பார்த்தாள். மறுபடி ஒருமுறை குத்திப் பார்த்தாள்.

"சார், இதுக்குச் சுகர் முப்பத்தி நாலுதான் இருக்கு. பூச்சி மாத்திர குடுத்தா இப்படி எறங்காது. வீட்டுல யாருக்காச்சும் சுகர் மாத்திர இருக்கா?"

"இருக்கு. என் மனைவிக்கு. ஆனா அது ஆறாம் நம்பர். நான் குடுத்தது நாலாம் நம்பர்."

"நம்பர விடுங்க சார். மாத்திரையோட பேரு என்ன?"

"பதிவேட்டுப்படி..."

"சார், நாய் செத்துட்டிருக்கு. எனக்குத் தெரியணும். சுகர் மாத்திரதான்னா ஒரு ஊசி போட்டு அனுப்ப முடியாது. ரெண்டு நாளைக்கு குளுக்கோஸ் ஏத்திக் கூடவே இருந்து பாக்கணும். பூச்சி மாத்திரதான்னா வேற என்ன கோளாறுன்னு தேடணும். எது?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் 'தெரியலம்மா, மாறிப்போயிருக்கலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். லூர்துராஜுக்கு அது வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினார்.

"என் பதிவேட்டுல தப்பு வர வாய்ப்பில்ல" என்றார்.

பாண்டிச்செல்விக்கு வாயில் வந்தது எச்சில்தான். ஆஸ்பத்திரி என்பதால் விழுங்கினாள்.

டீச்சர் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். சின்னச் சின்னதாக, வெளுத்த ரோஸ் நிறத்தில் மாத்திரைகள் உருண்டன. டீச்சர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எட்டு வருடமாகத் தினமும் காலையில் பார்த்த மாத்திரை.

"இது என்னோட மாத்திர டாக்டர். சுகர் மாத்திர. ரெண்டு குடுத்திருக்காக."

டாக்டர் அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கால் மயிரை மழித்து ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். பாண்டிச்செல்வி நாயின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். லூர்துராஜ், "லேபிள்தான் மாறியிருக்கு, பதிவேடு சரியாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் அவரை மறுத்துப் பேசவில்லை.

அரை மணி நேரம் போனது. இழுப்பு நின்றது. பவுன் கண்ணைத் திறந்து டீச்சரின் விரலை ஒருமுறை நக்கியது. அப்போதுதான் டீச்சர் அழுதார். அழுதுகொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, என் மாத்திர நாலுல இருந்துச்சுன்னா, ஆறுல இருந்தது என்னதுங்க?"

லூர்துராஜ் பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கினார்.

"அஞ்சு நாளா எனக்கு என்னத்தங்க குடுத்தீக?"

தமிழ்வாணி சட்டென்று நிமிர்ந்தாள். டீச்சரின் உலர்ந்த உதட்டையும் கையில் இருந்த காலி பாட்டிலையும் பார்த்தாள்.

"அம்மா, நான் மாட்டு டாக்டர், மனுசங்களப் பாக்கக் கூடாது. ஆனாலும் வெரலக் குடுங்க." புது ஊசி பிரித்துக் குத்தினாள். மிஷினைப் பார்த்தவள் முகம் மாறியது. "நானூத்திப் பதினெட்டு. இப்பவே போங்க. பின் தெருவுல ஆஸ்பத்திரி இருக்கு. நாய நான் பாத்துக்கறேன்."

"நாயிக்குத் தீனி போடுறாப்புல நாயி மாத்திரையப் பொண்டாட்டிக்குப் போட்டுட்டாரு" என்றாள் பாண்டிச்செல்வி. இந்தத் தடவை விழுங்கவில்லை, உரக்கவே சொன்னாள். வாசலில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பின் தெரு ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். பதில் சொன்னது லூர்துராஜ். எந்த டாக்டரிடமும் டீச்சரின் நோயை அவர்தான் சொல்வார்.

"அஞ்சு நாள் டாக்டர். நாயோட மாத்திரைய இவ பாக்காம முழுங்கிட்டா. ஒரு ஆசிரியையா இருந்தவ, கையில வாங்குறத ஒரு தடவ பாக்க வேணாமா?"

நான் இந்தத் தெருவில் பொய் சொல்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுச் சொல்வார்கள், பயந்து சொல்வார்கள், பிள்ளைக்காகச் சொல்வார்கள். இவ்வளவு சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையோடு சொன்னவரைப் பார்த்ததில்லை.

டீச்சர் மறுக்கவில்லை.

"ஆமா டாக்டர்" என்றார். "பாக்காமத்தான் முழுங்குனேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருசமா அப்படித்தான்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு லூர்துராஜைப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க சார். அவங்க பேசட்டும்."

பூச்சி மாத்திரையால் பெரிய ஆபத்து இல்லை, சர்க்கரையை இறக்க இரண்டு நாள் படுக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போய்ப் பால் கறந்துவிட்டு, ஆட்டைக் கட்டிவிட்டு, தவசி கடையில் வாங்கிக்கொடுத்த இட்லியோடு சாயங்காலம் திரும்பி வந்தாள். வழியில் நாயையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"எந்திரிச்சு உக்காந்திருச்சு டீச்சர். பாட்டிலு இன்னும் ஏறுது. நா போனதும் வால ஆட்டுச்சு, பொறவு எம்பின்னால எட்டி எட்டிப் பாத்துச்சு. ஒங்களத்தேன் தேடுது."

"நாளைக்கிப் போய் மறுபடி பாரு செல்வி. டீச்சர் வாராங்கன்னு சொல்லு."

"சொல்றேன். நீங்க ரெண்டு இட்டிலி சாப்புடுங்க மொதல்ல."

அப்போது வீட்டுக்குப் போயிருந்த லூர்துராஜ் வந்தார். காலையிலிருந்து முதல்முறையாகப் பதிவேடு இல்லாமல் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று பாண்டிச்செல்வி பார்த்தாள். கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து நீட்டினார்.

"பாக்கியம், இது என் பிரஷர் மாத்திரதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன். ஒண்ணாம் நம்பர்லருந்துதான் எடுத்தேன். ஆனா..."



டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். மாத்திரையை வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் கோடு, ஓரத்தில் சரிவு. அது லூர்துராஜின் பிரஷர் மாத்திரைதான். பன்னிரண்டு வருடமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் டம்ளரோடு அவர் கையில் பார்த்த மாத்திரை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் டீச்சரால் சொல்லிவிட முடியும்.

"தெரியலங்க" என்றார் டீச்சர்.

"நல்லாப் பாரு பாக்கியம்."

"நல்லாத்தான் பாத்தேன். தெரியல."

ஒரு வேளை மாத்திரை தவறினால் அவர் செத்துவிடப்போவதில்லை என்பதும் டீச்சருக்குத் தெரியும். திரும்பிக்கொண்டு இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். சட்னி உறைப்பாக இருக்கிறது, நல்லா இருக்கிறது என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னார். லூர்துராஜ் ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீர் டம்ளருமாகக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், முழுங்கவும் மாட்டாமல், கீழே போடவும் மாட்டாமல்.